முன்பதிவில்லா மருத்துவ நிலையங்களில் ஆன்டிபயாட்டிக் பரிந்துரை

அமெரிக்காவில் முன்பதிவின்றி நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ நிலையங்கள் இரு வகை. முதலாவது, எக்ஸ்ரே முதலிய வசதிகள் கொண்ட உடனடிச் சிகிச்சை நிலையம். இரண்டாவது, மருந்துக் கடைகளுக்குள் இயங்கும் சிறு கிளினிக். இங்கே பெரும்பாலும் பயிற்சி பெற்ற செவிலியரே, எழுதி வைத்த நெறிமுறைப்படி, குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டும் மருந்து எழுதுகிறார். சளி, மூச்சுக்குழல் அழற்சி, இன்ஃபுளுவென்சா போல ஆன்டிபயாட்டிக் தேவைப்படாத சுவாச நோய்களுக்கு எங்கே எவ்வளவு அது எழுதப்படுகிறது என்பதை 2014ஆம் ஆண்டின் காப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2018இல் அது வெளியானது. இந்நோய்களுக்கான வருகைகளில் ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டவை உடனடிச் சிகிச்சை நிலையங்களில் 45.7 விழுக்காடு, மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் 24.6, வழக்கமான மருத்துவர்களிடம் 17, கடைக் கிளினிக்குகளில் 14.4. நோயும் ஒன்று, மருத்துவ வழிகாட்டுதலும் ஒன்று. அப்படியிருக்க மும்மடங்கு வேறுபாட்டுக்கு அறியாமை காரணமாக முடியாது. உடனடிச் சிகிச்சைக்கு வருவோர் கடுமையாக நோயுற்றவர்கள் என்று சொல்லப்படுவதுண்டு. வைரஸ் காய்ச்சல் எவ்வளவு கடுமையானாலும் வைரஸை ஆன்டிபயாட்டிக் தொடாது. ஆகவே அந்த வாதம் நிற்பதில்லை. ஒவ்வாமையும் வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம்.

வேறுபாட்டின் வேர் மருத்துவர் பணிபுரியும் சூழலில் இருக்கிறது. பணி நேரம் நீள நீள, தேவையற்ற ஆன்டிபயாட்டிக் எழுதுவது கூடுகிறது என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வெளியான டேனியெல்லா மீக்கர் குழுவினரின் சோதனை மிக எளியது. தேவையின்றி ஆன்டிபயாட்டிக் எழுதமாட்டேன் என்ற உறுதிமொழி, மருத்துவரின் படத்தோடும் கையொப்பத்தோடும் பரிசோதனை அறைச் சுவரில் 12 வாரம் தொங்கியது. அங்கே தேவையற்ற பரிந்துரை 43.5 விழுக்காட்டிலிருந்து 33.7ஆகக் குறைந்தது, தொங்காத அறைகளில் 42.8இலிருந்து 52.7ஆக ஏறியது. நோயாளியிடம் மறுத்துச் சொல்லத் தயங்கும் மருத்துவருக்கு அந்தத் தாள் துணை நின்றது என்றே கொள்ள வேண்டும். பாக்டீரியா தொற்று கண்ணுக்குத் தப்பிவிடுமே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் தொண்டை வலிக்குச் சில நிமிடங்களில் முடிவு தரும் ஸ்ட்ரெப் சோதனை இருக்கிறது. ஐயம் நீங்காதபோது, சில நாளில் குணமாகாவிட்டால் மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதித் தரும் வழக்கமும் இருக்கிறது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, புறநோயாளிப் பிரிவுகளில் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டுக்கான நெறிகளை 2016இல் வெளியிட்டது. ஒவ்வொரு மருத்துவரின் பரிந்துரை அளவையும் சக மருத்துவர்களுடையதோடு ஒப்பிட்டுத் தெரிவிக்கும் முறை அதே ஆண்டு மற்றொரு சோதனையில் நல்ல பலன் தந்தது. அதை நிறுத்திய ஓராண்டில் தேவையற்ற பரிந்துரை மீண்டும் கூடியது.