மின்சாரமே எட்டாத இடத்தில் குடில் - கட்டுமுன் எவற்றைக் கவனிக்கவேண்டும்?

"கம்பத்துல ஒரு துண்டு நிலம் இருக்கு. சின்னதா ஒரு குடில் போட்டா என்ன?"

மலேசியாவில் இருக்கும் உங்களுக்கும் அந்த ஆசை உண்டா? முதலில் இவற்றைப் பாருங்கள்.

இடம்

சரிவின் அடிவாரமும் ஆற்றோரமும் வேண்டவே வேண்டாம். 2022 டிசம்பரில் பத்தாங் காலி முகாமில் நேர்ந்த நிலச்சரிவில் 31 பேர் மாண்டனர். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு திடீரெனப் பெருகலாம்.

அனுமதி

"என் நிலம்தானே" என்று தொடங்கிவிடாதீர்கள். பட்டாவில் இருப்பது விவசாயமா, கட்டடமா? நில அலுவலகத்தில் கேளுங்கள். ஊராட்சி மன்றத்திடமும் விசாரியுங்கள்.

மின்சாரம்

முதலில் கணக்கு, அப்புறம்தான் கடை.

- 10 வாட் விளக்கு 2, 5 மணிநேரம்: 100 வாட்-மணி
- 50 வாட் மின்விசிறி, 8 மணிநேரம்: 400
- கைத்தொலைபேசி, மற்றவை: 100

ஒரு நாளைக்கு 600. முழு வெயில் 4 மணிநேரம் என்று வைத்தால் 150 வாட் சூரியத்தகடு போதும். இழப்பையும் சேர்த்து 200 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். 2 நாள் மழைக்கு பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கவேண்டும். குளிர்பதனப் பெட்டி வைத்தால் கணக்கே மாறிவிடும்.

தண்ணீர்

20 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 500 லிட்டர். முதலில் வழியும் அழுக்கு நீரை வெளியே விடுங்கள். குடிநீரை வடிகட்டிக் கொதிக்கவையுங்கள். தொட்டியை வலையால் மூடுங்கள். இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு குடியேறிவிடும்.

அவசரம்

தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்கிறதா? இல்லையென்றால் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.