ஐம்பது வருசம் பிந்திக் கிடைத்த வெண்கலம்

வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் இருந்துகொண்டு குளிர்கால ஒலிம்பிக்கைப் பற்றி எழுத என்ன கிடக்கு எண்டு நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்களை இழுத்தது போட்டியைவிட, அது முடிந்த பிறகு நடக்கிற வேலை. ஆர் வென்றது எண்டதை ஆர் எழுதி வைக்கிறது? எழுதினது பிழையெண்டால் ஆர் திருத்துறது?

1924 ஜனவரி 25ஆம் திகதி பிரான்சின் சமோனி நகரில் ஒரு போட்டி தொடங்கியது. 16 நாடுகள் வந்தன. அப்போது அதன் பெயர் 'சர்வதேச குளிர்கால விளையாட்டு வாரம்'. அதுதான் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு பின்னர், 1926இல்தான் அறிவித்தது. பெயரே பிறகுதான் வந்ததெண்டால் குறிப்புகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கோ.

அங்கே பனிச்சறுக்குத் தாவலில் மூன்றாமிடம் நோர்வேயின் தோர்லைவ் ஹவுக்குக்குப் போனது. 18.000 புள்ளிகள். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அண்டர்ஸ் ஹவுகன் 17.916 புள்ளிகளோடு நான்காமிடம். ஹவுக் அதே போட்டியில் மூன்று தங்கம் வென்ற பெரிய ஆள். அதனால் அந்த வெண்கலத்தை ஒருத்தரும் இரண்டாந்தரம் பார்க்கவில்லை.

1974இல், ஐம்பதாவது ஆண்டு நிறைவை ஒட்டி, பழைய புள்ளிகளை ஒருவர் திரும்பக் கூட்டிப் பார்த்தார். அவர் தோரல்ஃப் ஸ்ட்ரோம்ஸ்டாட். ஹவுக்கின் அணியில் இருந்தவர், சமோனியில் தானே இரண்டு வெள்ளி வென்றவர். கூட்டல் பிழைத்திருந்தது! ஹவுக்குக்கு உண்மையில் கிடைக்க வேண்டியது ஹவுகனை விடக் குறைவான புள்ளிகள். விளையாட்டு வரலாற்றாசிரியர் யாக்கொப் வோகே அதைச் சரிபார்த்தார், ஒலிம்பிக் குழுவும் ஏற்றுக்கொண்டது. ஹவுக் 1934இலேயே இறந்துவிட்டார். அவருடைய மகள்தான் அந்தப் பதக்கத்தை, வயது போய்விட்ட ஹவுகனின் கையில் கொடுத்தார்.

தன் நாட்டுக்காரனின் பதக்கம் போகும் எண்டு தெரிந்தும் ஸ்ட்ரோம்ஸ்டாட் வாய் திறந்தாரே, அதுதான் எங்களுக்குப் பெரிய விசயம்.

சமோனியில் இன்னொரு கணக்கும் தீராமல் கிடந்தது. பனித்தளத்தில் கல்லை வழுக்கவிட்டு ஆடும் 'கேர்லிங்' விளையாட்டில் அங்கே தங்கம் வென்றது ஸ்கொட்லாந்துக்காரர்கள் ஆடிய பிரித்தானிய அணி. ஆனால் அது வெறும் காட்சி விளையாட்டு எண்டே பல காலம் கருதப்பட்டது. கிளாஸ்கோவின் 'ஹெரல்ட்' பத்திரிகை பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து, வீரர்களின் குடும்பங்களுக்காக வாதாடியது. 2006 பெப்ரவரியில் அது அதிகாரபூர்வப் போட்டிதான் என்று ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது. 82 வருசம்!

இன்றைக்கு இப்படியான வேலையைக் கூட்டாகச் செய்பவர்களில் ஒரு பகுதியினர் 'ஒலிம்பீடியா' குழுவினர். பில் மல்லன் போன்ற ஒலிம்பிக் வரலாற்று ஆர்வலர்கள் பல நாடுகளில் இருந்து சேர்ந்து தொகுத்த தரவுத்தளம் அது. 2020இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள்.

எழுதி வைப்பது லேசான வேலையில்லை. 2014 சோச்சிப் போட்டியை எடுங்கோ. இந்திய ஒலிம்பிக் சங்கம் தடைசெய்யப்பட்டிருந்ததால் லூஜ் வீரர் சிவா கேசவன் ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட்டார். அவர் ஓடி முடித்த பிறகு, பெப்ரவரி 11இல் தடை நீங்கியது. அதனால் பிறகு போட்டியிட்ட மற்ற இரண்டு இந்தியர்களும் இந்தியா என்ற பெயரிலேயே பதிவானார்கள். ஒரே ஊரில் இருந்து வந்த ஆக்கள் மாதிரித்தான், ஆனால் பட்டியலில் இரண்டு இடம். காரணத்தை ஒருவர் பக்கத்தில் எழுதாவிட்டால் நாளைக்குப் பார்ப்பவருக்கு ஒண்டும் விளங்காது.

எங்கட நாட்டுக்கும் இது நடந்திருக்கிறது. 2000 சிட்னியில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க வென்றது வெண்கலம். மரியன் ஜோன்ஸின் ஊக்கமருந்துப் பாவனை வெளிவந்து, 2009 டிசம்பரில் அது வெள்ளியாக மாறியது. ஒலிம்பிக் எண்டதால் உலகம் திருத்தியது. எங்கட கழகங்களின் போட்டிகளை ஆர் திருத்துவது? 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்த யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கத்தின் பெயரே எங்கட வயதுக்காரர் பலருக்குத் தெரியாது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இனம் நாங்கள். அதனால்தான் 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் போன்ற கூட்டு முயற்சிகளின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். விளையாட்டையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். வீட்டு அலுமாரியில் பழைய அணிப் படம் கிடந்தால், பின்பக்கத்தில் பெயர்களையும் ஆண்டையும் எழுதுங்கோ. அப்பப்பாவிடம் கேட்டு எழுதுங்கோ, அவர் இருக்கும்போதே. பிறகு வேறொருவரிடம் காட்டிச் சரிபாருங்கோ. ஸ்ட்ரோம்ஸ்டாட் செய்ததும் அவ்வளவுதான்: பழைய தாளை எடுத்துத் திரும்பக் கூட்டிப் பார்த்தார்.