அரை மைல் காகிதம்

தூங்குகிற குழந்தையின் கண்ணிமையை எவ்வளவு நேரம் உங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? சொந்தக் குழந்தை என்றால் ஐந்து நிமிடம். பக்கத்து வீட்டுக் குழந்தை என்றால் அரை நிமிடம். அதற்குள் நமக்கே கொட்டாவி வந்துவிடும்.

இதையே ஒரு வேலையாக, நாள்கணக்கில் செய்யச் சொன்னால்?

செய்தார் ஒருவர். பெயர், யூஜீன் அசெரின்ஸ்கி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்.

மாணவர் என்றதும் அரும்பு மீசைப் பையனைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்த குடும்பஸ்தர். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. அப்படியும் இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துக்கு வெடிமருந்து கையாண்டவர். பல் மருத்துவம் படிக்கப்போய்ப் பாதியில் விட்டவர். கையில் ஒரு பட்டம்கூட இல்லை. மனைவி, மகனோடு குடியிருந்தது பழைய ராணுவக் கொட்டகையை மாற்றிக் கட்டிய வீட்டில். சிகாகோ குளிருக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்தான் துணை.

அவருக்கு வாய்த்த கைடு, பேராசிரியர் நதானியேல் கிளைட்மன். தூக்க ஆராய்ச்சி என்றாலே அவர்தான். தூங்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக 180 மணி நேரம் கண் மூடாமல் இருந்த ஆசாமி. 1938-ல் கென்டக்கியில் உள்ள மாமத் குகைக்குள் 32 நாள் குடியிருந்தார். ஒரு நாளை 28 மணி நேரமாக்கினால் உடம்பு ஏற்றுக்கொள்ளுமா என்று சோதனை. கூடவே புரூஸ் ரிச்சர்ட்சன் என்கிற மாணவரையும் அழைத்துப் போயிருந்தார். மாணவருக்குப் பழகிவிட்டது. குருவுக்குக் கடைசிவரை பழகவே இல்லை!

1950-ல் 'நேச்சர்' இதழில் ராபர்ட் லாசன் என்கிற இயற்பியலாளர் ஒரு கடிதம் எழுதினார். ரயிலில் தூங்கி வழிகிறவர்களைக் கவனித்தாராம். தூக்கம் பிடித்ததும் கண் இமைப்பது சட்டென்று நின்றுவிடுகிறது என்றார். 'குழந்தைகளை வைத்து இதைச் சரிபாருங்கள்' என்று அசெரின்ஸ்கியிடம் சொல்லிவிட்டார் கிளைட்மன்.

எடுபிடி வேலைதான். ஆனால், அசெரின்ஸ்கி உட்கார்ந்து பார்த்தார். எது இமைப்பு, எது சும்மா துடிப்பு என்றே பிரிக்க முடியவில்லை. அதனால் கண்ணின் எல்லா அசைவுகளையும் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு விஷயம் தட்டுப்பட்டது. மணிக்கு ஒருமுறை, சுமார் 20 நிமிடம் குழந்தையின் கண்கள் அசையாமல் கிடக்கின்றன. அப்புறம் மறுபடி அசைகின்றன.

பெரியவர்களுக்கும் இப்படித்தானா?

தூங்குகிறவரின் மூளை அலைகளைப் பதிவு செய்யும் மெஷின் அப்போதே இருந்தது. ஓடுகிற காகிதத்தில் பேனாக்கள் கோடு இழுத்துக்கொண்டே போகும். காகிதம் எக்கச்சக்கமாகச் செலவாகும். எனவே, கொஞ்ச நேரம் ஓட்டுவது, நிறுத்துவது, மறுபடி கொஞ்சம் ஓட்டுவது என்பதுதான் வழக்கம். தூங்கும்போது மூளையும் ஓய்வெடுக்கிறது, அதைப்போய் விடிய விடிய எதற்குப் பார்க்க வேண்டும்?

அசெரின்ஸ்கிக்குக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பழைய மெஷின் கிடைத்தது. தட்டிக்கொட்டிச் சரிசெய்தார். 1951 டிசம்பரில் ஓர் இரவு, தன் எட்டு வயது மகனையே படுக்க வைத்து, தலையிலும் கண்ணோரத்திலும் வயர்களை ஒட்டினார். மெஷினை நிறுத்தாமல் ஓடவிட்டார். ஓர் இரவுக்கு அரை மைல் நீளக் காகிதம்!

நடு ராத்திரியில் பேனாக்கள் தாறுமாறாக ஆடின. பையன் முழித்துவிட்டான்போல என்று அறைக்குள் எட்டிப் பார்த்தார். நல்ல தூக்கம். இமைக்குள் கண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

மெஷின் கோளாறோ? அவருக்கே சந்தேகம். திரும்பத் திரும்பச் சோதித்தார். கிளைட்மனும் லேசில் நம்பவில்லை. தன் மகளையே படுக்க வைத்து, கண்ணால் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

1953 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியானது. கண்கள் ஓடும்போது 27 தடவை எழுப்பிக் கேட்டதில், 20 தடவை விவரமான கனவு. கண்கள் ஓடாதபோது 23 தடவை எழுப்பியதில், 19 தடவை ஒன்றுமே ஞாபகமில்லை. தூங்கும் மூளை சும்மா இல்லை என்பதற்குக் கையில் கணக்கு கிடைத்துவிட்டது.

பி.காம். படித்த எனக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு டெபிட் இருந்தால் ஒரு கிரெடிட் இருந்தாக வேண்டும். விஞ்ஞானத்தில் இந்தக் கணக்கு எப்போதும் நேராவதில்லை. கட்டுரையில் அசெரின்ஸ்கியின் பெயர்தான் முதலில் இருந்தது, வாஸ்தவம். ஆனால், அதே வருடம் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு, சியாட்டிலுக்குப் போய்விட்டார். என்ன வேலை? சால்மன் மீன்களை மின்சாரம் எப்படிப் பாதிக்கிறது என்கிற ஆராய்ச்சி! குடும்பம் நடத்த வேண்டுமே.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒத்தாசை செய்த வில்லியம் டிமென்ட் என்கிற மருத்துவ மாணவர், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 'ரெம்' என்கிற சுருக்கப் பெயர் அவர் வைத்ததுதான். பிறகு ஸ்டான்ஃபோர்டில் தூக்கக் கோளாறுகளுக்கென்றே 1970-ல் கிளினிக் தொடங்கிப் பெரும்புகழ் பெற்றார். 1999-ல் காலமானபோது கிளைட்மனுக்கு வயது 104. தூக்க ஆராய்ச்சியின் தந்தை என்றுதான் உலகம் அவரைச் சொன்னது.

அசெரின்ஸ்கி 1998-ல், 77 வயதில், கலிஃபோர்னியாவில் இறந்தார். அவர் ஓட்டிய கார் மரத்தில் மோதியது. ஓட்டும்போது கண் அசந்திருக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு.

இன்றைக்கு யாராவது குறட்டைத் தொல்லை என்று டாக்டரிடம் போனால், ஓர் இரவு முழுக்க வயர்களோடு படுக்கச் சொல்கிறார்கள். விடிய விடிய நிறுத்தாமல் பதிவு. அந்தப் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு பட்டமில்லாத மாணவரும் அடித்தளத்தில் கிடந்த மெஷினும்தான். நம் காலேஜ் ஆய்வுக்கூடங்களிலும் இந்நேரம் யாரோ ஒரு பையனோ பெண்ணோ, கைடு தள்ளிவிட்ட வேலையைப் பார்த்துக்கொண்டு முழித்திருப்பார்கள். காகிதம் வீணாகிறது என்று மட்டும் அவர்களைத் திட்டாதீர்கள்.