கருக்கலைப்புச் சட்டம்: மகளிர் குழுவில் பேச வேண்டியவை

கணவர் கையொப்பம் இல்லாமல் கருக்கலைப்பு செய்துகொள்ள இயலுமா? கொல்லிமலையில் உங்கள் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் இவ்வினாவைத் தயங்காமல் எழுப்புங்கள். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதும். 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை.

1971ஆம் ஆண்டுச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. சட்டம் ஏற்கும் காரணங்களுக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் வேண்டும். திருமணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

குழுவில் சட்டத்தைப் பேசுங்கள். பிறரது சொந்தச் செய்தியை வெளியிடாதீர்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் தாமே மாத்திரை உட்கொள்ளாமல் கிராம சுகாதார செவிலியரை அணுகுங்கள். மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க நேரமாகும்.