என்ஜினில் பெட்ரோல் தேங்குதல்: கார்புரேட்டர் காலமும் அதன் பின்னும்

என்ஜினில் பெட்ரோல் தேங்குதல் என்பது, சிலிண்டருக்குள் வரும் காற்றின் அளவுக்கு மீறிப் பெட்ரோல் சேர்ந்து, ஸ்பார்க் பிளக் நனைந்து, என்ஜின் கிளம்பாமல் போகும் நிலையாகும். பட்டறைகளில் இதனை ‘ஓவர்ஃப்ளோ’ என்பர். சிறிது தூரம் ஓட்டி நிறுத்திய கார்களில் இது மிகுதியாகக் காணப்படும். டாங்கில் பெட்ரோல் இருக்கும், சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றும், ஆனால் பற்றாது. பெட்ரோல் கிடைக்கவில்லை என்று எண்ணி ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மேலும் மேலும் மிதிப்பார். அதனால் நிலைமை மோசமாகும். இந்தக் கோளாறின் வரலாறு, பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலக்க மனிதர் மேற்கொண்ட நூறாண்டு முயற்சியின் வரலாறும் ஆகும்.

குளிரால் வரும் தேக்கம்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. எரிவது பெட்ரோலின் ஆவியே தவிர, திரவம் அன்று. எண்ணெய்க்குள் முழுவதும் மூழ்கிய திரியைப் பற்றவைக்க முடியாது. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் அகல்விளக்கு எரியும். என்ஜினிலும் இதுவே நடக்கிறது.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பகுதியே ஆவியாகும். மீதி உறிஞ்சு குழாயின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையை ஈடுசெய்யத் தொடக்கத்தில் கூடுதல் பெட்ரோல் தரப்படுகிறது. சில நிமிடங்கள் ஓடி என்ஜின் சூடேறியதும் சுவரிலுள்ள ஈரம் ஆவியாகி எரிந்துவிடும். கூடுதல் பெட்ரோலும் நிறுத்தப்படும். அதற்கு முன்பே காரை நிறுத்தினால் ஈரம் அப்படியே தங்கும். அடுத்த முறை கிளப்பும்போது அதன்மேல் மறுபடியும் கூடுதல் பெட்ரோல் சேரும்.

ஸ்பார்க் பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படியும் கரியை எரித்துத் தன்னைத் தூய்மையாக்கிக் கொள்ளும். குறுகிய ஓட்டத்தில் அந்த வெப்பம் வருவதில்லை. கரியும் ஈரமும் படிந்த பிளக்கில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகாமல் மேற்பரப்பின் வழியே கசிந்துவிடும். கிளப்புவதற்குச் செலவான மின்சாரத்தைப் பேட்டரி திரும்பப் பெறவும் அந்த ஓட்டம் போதாது. இவ்வாறு மூன்று குறைகள் ஒன்றாகச் சேர்கின்றன.

வெப்பத்தால் வரும் தேக்கம்

தமிழ்நாட்டில் குளிரைவிட வெப்பமே இக்கோளாறுக்கு அடிக்கடி காரணமாக இருந்தது. ஓடும் காரில் விசிறியும் நீரும் என்ஜினைக் குளிர்விக்கும். நிறுத்தியவுடன் இரண்டும் நின்றுவிடும். ஆனால் இரும்பில் தேங்கிய சூடு மேலேறி, அடுத்த சில நிமிடங்களுக்குக் கார்புரேட்டரை முன்னைவிட மிகுதியாகச் சுடும். பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்துப் பொங்கி, ஊசித்துளை வழியாக உறிஞ்சு குழாயில் சொட்டும்.

இதனால்தான் நிறுத்திய உடனே கிளப்பினால் கிளம்பும் கார், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் கிளம்பாமல் போகும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கிளம்பும். இதனைப் பெட்ரோல் குழாயிலோ பம்பிலோ ஆவி அடைத்துக்கொள்ளும் கோளாறுடன் குழப்பிக்கொள்வதுண்டு. அங்கே பெட்ரோல் வராததே குறை. ஈரத்துணி போட்டுப் பம்பைக் குளிரச் செய்தால் சரியாகும். இங்கே பெட்ரோல் மிகுந்ததே குறை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: நனைந்திருந்தால் தேக்கம், உலர்ந்திருந்தால் அடைப்பு.

கார்புரேட்டரும் சோக்கும்

1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்சின் வண்டியில், பெட்ரோலின் மேற்பரப்பில் எழும் ஆவியைக் காற்றுடன் கலக்கும் எளிய கருவியே இருந்தது. 1893இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக், மிதவைக் கிண்ணமும் தெளிப்பு ஊசித்துளையும் கொண்ட கார்புரேட்டரை உருவாக்கினார். அதே ஆண்டில் ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் இதையொத்த கருவிக்குக் காப்புரிமை கோரினர். அடுத்த நூறாண்டுகள் உலகின் பெரும்பாலான கார்கள் இந்த அடிப்படையிலேயே ஓடின.

குளிர்ந்த என்ஜினைக் கிளப்புவதற்காகச் சேர்ந்ததே ‘சோக்’. சில கார்புரேட்டர்களில் ஒரு தகடு காற்று வழியை மறைக்கும். சோலக்ஸ் வகையில் தனிப்பாதை ஒன்று கூடுதல் பெட்ரோல் தரும். எதுவாயினும், எப்போது இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பது ஓட்டுநரின் அனுபவத்தைப் பொறுத்தது. 1912இல் கேடில்லாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்தபின் கைப்பிடியைச் சுற்றும் உழைப்பு குறைந்தது. ஆனால் கிளம்பாத என்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதும் எளிதாயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் மேலும் பெட்ரோல் உள்ளே போனது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியச் சாலைகளில் மூன்று கார்களே பெரிதும் ஓடின: உத்தர்பாராவின் அம்பாசிடர், மும்பையின் பியட், சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961 முதல் அங்கே உருவானது. இவற்றின் பெட்ரோல் கார்கள் அனைத்தும் கார்புரேட்டர் கொண்டவை. சோலக்ஸ் கார்புரேட்டர்களைச் சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் தயாரித்தது. 1983 டிசம்பரில் 796 சிசி என்ஜினுடன் மாருதி 800 வந்தது. அதையொட்டி 1980களில் ஜப்பானின் மிக்குனி நிறுவனத்துடன் கூட்டாகத் தொடங்கிய யூகால் நிறுவனம் மறைமலை நகரில் கார்புரேட்டர்களைச் செய்தது. எனவே இக்கருவியின் இந்திய வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு.

அமிர்தி காட்டும் பாடம்

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது அமிர்தி. 1967இல் தொடங்கிய வன உயிரியல் பூங்காவால் அறியப்பட்ட ஊர். கார்புரேட்டர் காரின் இரு குணங்களையும் புரிந்துகொள்ள இத்தகைய அடிவார ஊர் நல்ல எடுத்துக்காட்டு.

மார்கழி விடியலில் பனி இறங்கியிருக்கும்போது சோக் இழுக்காமல் பழைய கார் கிளம்பாது. சித்திரை வெயிலிலோ வேலூர் வட்டாரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். நண்பகலில் காரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, விடியலில் செய்த அதே பழக்கத்தில் சோக்கை இழுத்தால், ஏற்கெனவே பொங்கி வழிந்த பெட்ரோலின்மேல் இன்னும் பெட்ரோல் சேரும். காலையில் காரைக் கிளப்பிய கை, மதியம் அதனை முடக்கும்.

மலை ஏறினால் மூன்றாவது காரணம் சேரும். இதே மலைத்தொடரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்த காவலூர் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 7 விழுக்காடு குறையும். கார்புரேட்டரின் துளை மாறாத அளவுடையது. காற்று மெலிந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு தானே சற்று உயரும். சமவெளியில் கூடுதலாகவே திருகி வைத்த கலவை மலையில் எளிதில் தேங்கும்.

மின்னணு ஊசி வருகை

1967இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் முறையை ஃபோக்ஸ்வேகன் காரில் அளித்தது. இம்முறை இந்தியாவில் பரவியதற்கு முதன்மைக் காரணம் காற்று மாசுக் கட்டுப்பாடே. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குப் புகை மாற்றியும் ஈயமற்ற பெட்ரோலும் வந்தன. டெல்லி வட்டாரத்துக்கு 1999இல் உச்சநீதிமன்றம் யூரோ அளவுகளை விதித்தது. 2000 ஏப்ரலில் நாடு முழுவதும் புகை விதிகள் கடுமையாயின. 2001இல் சென்னைக்கு அடுத்த நிலை விதிகள் வந்தன. 14.7 என்னும் விகிதத்தை நொடிக்கு நொடி காக்கக் கார்புரேட்டரால் இயலவில்லை. மாருதி 800உம் 2000ஆம் ஆண்டில் ஊசிமுறைக்கு மாறியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபோது புதிய மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் கார்புரேட்டரைக் கைவிட்டன.

சோக்கைக் கையாளும் முடிவு இப்போது கணினியிடம் உள்ளது. நீரின் வெப்பம், காற்றின் அளவு ஆகியவற்றை உணரிகள் சொல்ல, அது பெட்ரோலை அளந்து தருகிறது. ஆயினும் குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை என்ற இயற்பியல் மாறவில்லை. வாசலிலிருந்து தெருவுக்கு நகர்த்தி உடனே நிறுத்திய புதிய காரிலும் பிளக் நனையலாம். சுழல் என்ஜின் கொண்ட மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இதற்கு உலகளவில் பெயர்பெற்றது. வெப்ப உணரி பழுதாகி, சூடான என்ஜினைக் குளிர்ந்தது என்று கணினிக்குச் சொன்னாலும் இதே தேக்கம் வரும்.

செய்யத்தக்கவை

கார்புரேட்டர் காரில் சோக்கை முழுவதும் உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக அடிவரை மிதித்துப் பிடித்தபடி சில நொடிகள் கிளப்ப வேண்டும். காற்று மிகுதியாக நுழைந்து ஈரத்தை வெளியேற்றும். விட்டுவிட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் பீய்ச்சப்படும். ஊசிமுறைக் கார்கள் பலவற்றில், முழு மிதியுடன் கிளப்பினால் கணினி பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் அனுப்பும்.

முயற்சிகளுக்கு இடையே ஸ்டார்ட்டருக்கு ஓய்வு தர வேண்டும். அதன் பிறகும் கிளம்பாவிட்டால் பிளக்குகளைக் கழற்றி உலர்த்துவதே வழி. கசிந்த பெட்ரோலின் அருகே தீப்பொறியோ புகைபிடித்தலோ கூடாது. புகை மாற்றி உள்ள காரை நெடுநேரம் தள்ளிக் கிளப்புவதும் தவறு. எரியாத பெட்ரோல் அதற்குள் சென்று எரிந்து அதனையே உருக்கிவிடக்கூடும்.

தேங்கிய பெட்ரோலில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து என்ஜின் ஆயிலில் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். ஆகவே அன்றாடம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரை, வாரம் ஒருமுறையேனும் முழுச்சூடு ஏறும்வரை நீண்ட தூரம் ஓட்டுவதும், ஆயிலை உரிய காலத்துக்குச் சற்று முன்பே மாற்றுவதும் நல்லது.