நரியாகந்தைப் புழுதி

பதுளை மாவட்டத்தில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே, கடல் மட்டத்துக்கு 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது தியத்தலாவை. சுற்றுவட்டார மலைகள் தேயிலையாக மாறிய பின்னும் இங்கே மானாப்புல் மண்டிய பத்தனை நிலம் மிஞ்சியது. தென்மேல் பருவக்காற்றின் மழை மலைமுகட்டுக்கு அப்பாலேயே கொட்டித் தீர்ந்துவிட, ஊவாவின் இந்தச் சரிவுகளுக்கு வந்து சேர்வது வறண்ட காற்றுதான். தோட்டத்துரைமார் பெரிதாக விரும்பாத அந்த நிலம் இராணுவத்துக்குப் பொருந்திப் போனது.

1894இல் பண்டாரவளை வரை ரயில் பாதை வந்தது. 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் சுமார் 5,000 பேர் அதே பாதையால் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டுத் தகரக் கொட்டகைகளில் அடைக்கப்பட்டார்கள். பின்னர் பிரித்தானியக் கடற்படையின் ‘பொக்ஸ்’ கப்பல் மாலுமிகள் தங்கள் கப்பலின் பெயரை நினைத்து, மலைச்சரிவில் வெள்ளைக் கற்களை அடுக்கி ஒரு நரியின் உருவத்தை அமைத்தார்கள். ஆங்கிலத்தில் பொக்ஸ் ஹில், ஊர் வழக்கில் நரியாகந்தை. 1950இல் புதிய இலங்கை இராணுவம் தன் பயிற்சி முகாமை இங்கே தொடங்கியது. 1981இல் அது இராணுவக் கல்வியகம் என்று பெயர் பெற்றது. பொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயத் தடம் பிறந்தது இந்த முகாம் நிலத்தில்தான்.

மோட்டார் பந்தயமோ இந்தப் பயிற்சி முகாமைவிட மூத்தது. மலையகத் தோட்டப் பாதைகள் முதலில் மாட்டு வண்டிக்காக வெட்டப்பட்டவை. மோட்டார் வந்தபோது பாதை மாறவில்லை. வண்டிதான் மாறவேண்டி வந்தது. கொழுந்து லொறியின் பின் அச்சில் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாக ஏறும். செங்குத்தான ஏற்றத்துக்கு கியர் விகிதம் தாழ்த்தப்படும். அதே வளைவுகளில் யார் வேகம் என்று பார்க்கும் ஆசையும் சேர்ந்தது. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அங்கே கார்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடுவதில்லை. ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு போட்டியிடும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை நீடித்த இறக்குமதிக் கட்டுப்பாடும் ஒரு விதத்தில் பயிற்சியாக அமைந்தது. உதிரிப்பாகம் கிடைக்காத நாட்டில் ஒரு வண்டியின் பாகத்தை இன்னொன்றுக்குச் சீவிப் பொருத்துவது கராஜ் பாஸ்மாரின் அன்றாட வேலை.

1990கள் முதல் இராணுவப் படைப்பிரிவுகள் மண் தடப் பந்தயங்களைக் கையிலெடுத்தன. அனுராதபுரத்துச் சாலியபுரவில் கஜபா, மின்னேரியாவில் கன்னர்ஸ், தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் என்று ‘சுப்பர்குரொஸ்’ பரவியது. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் ஒரே மேடுபள்ளத் தடத்தில் கூட்டமாகப் பாயும் ஓட்டம் இது. பொக்ஸ் ஹில்லுக்குரிய காலம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல். காலையில் செம்மண் மாவாகப் பறக்கும். பின்னேரம் இடிமழை இறங்கினால் அதே தடம் கூழாகும். காலையில் பொருத்திய டயர் மாலைக்கு உதவாமல் போகலாம்.

காற்றழுத்தத்தைக் குறைத்தால் டயர் தட்டையாகி அதிக மண்ணைக் கவ்வும். அளவுக்கு மீறிக் குறைத்தால் வளைவில் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். கார்ப் பிரிவுகளில் பெயர் பெற்றது 1500 சிசி போர்ட் லேசர்/மஸ்டா. இரண்டு கம்பனிகளை ஒரு பிரிவில் சேர்த்ததில் விசித்திரம் ஒன்றுமில்லை. லேசர் என்பது உள்ளே மஸ்டா 323தான். முன்சக்கர இயக்கம் கொண்ட இவ்வண்டி மண்ணில் வளையாமல் நேரே வழுக்கும் பழக்கமுள்ளது. அதனால் பின் ஸ்பிரிங்கை இறுக்கி, பின்பக்கத்தை வேண்டுமென்றே சறுக்க வைப்பார்கள். டிபரன்ஷியலைப் பகுதியாகப் பூட்டினால், ஒரு சக்கரம் மண்ணில் வீணாகச் சுழலும்போதும் மற்றதற்கு விசை போய்ச் சேரும். ஆசனங்கள் கழற்றப்பட்டு உருளைக்குழாய்க் கூண்டு ஏறும். காற்று வடிகட்டியை எண்ணெயில் நனைத்த பஞ்சாக மாற்றுவது கேட்பதற்குச் சின்ன வேலை. அதைச் செய்யாத எஞ்சினின் சிலிண்டரை ஊவாப் புழுதி அரம் போல் ராவிவிடும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது ஷொக் அப்சோபர். எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் துளையிட்ட பிஸ்டன் ஒன்று ஏறி இறங்கும். துளை சிறிதானாலும் எண்ணெய் தடித்தாலும் அசைவு மந்தமாகும். மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கும் காரின் பின் ஷொக் விரைந்து நீண்டால், பின்பக்கம் உதைத்தெழுந்து மூக்கு மண்ணில் குத்தும். நீளவே தயங்கினாலோ, அடுத்த பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாது.

இந்தச் சூத்திரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத் தந்தது வானொலிக் கட்டுப்பாட்டுப் பொம்மைப் பந்தயம். 1979இல் ஜப்பானின் டமியா நிறுவனம் சாண்ட் ஸ்கோர்ச்சர், ரஃப் ரைடர் என்னும் 1/10 அளவு ‘பகி’ வண்டிகளை வெளியிட்டது. 1984இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் அலுமினிய அடித்தட்டும் எண்ணெய் ஷொக்கும் கொண்ட ஆர்சி10ஐக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் இந்த வகை வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி. வண்டி பத்திலொன்றாகச் சுருங்கினாலும் மண் சுருங்குவதில்லை. 10 சென்ரிமீற்றர்க் கல் அதற்கு ஒரு மீற்றர்ப் பாறை. ஆகவே சிலிக்கன் எண்ணெயின் தடிப்பு, பிஸ்டன் துளை, பற்சக்கர எண்ணிக்கை, டயர் முள்ளின் உயரம் எல்லாம் தடத்துக்குத் தடம் மாறும். பெரிய காரில் ஏறக்குறைய நடக்காத ஒன்றும் இதில் நடக்கும்: அந்தரத்தில் பறக்கும்போது விசையைக் கூட்டினால் மூக்கு உயரும், பிரேக் அழுத்தினால் தாழும்.

பெரிய கார்களுக்குத் திரும்புவோம்: 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025இல்தான். பழைய லேசர்களுக்கு கராஜ்களில் மவுசு குறையாதிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கிடையே, ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ் ஹில்லில் பந்தயம் திரும்ப நடந்தது. தியத்தலாவையில் மலைச்சரிவே பார்வையாளர் மாடம். தடத்தின் ஓரம் வரை சனம் நிற்கும். ஷொக்கும் டயரும் காரைத் தடத்தில் வைத்திருக்கப் பிறந்தவை; தடத்தை விட்டுப் போன காரை அவை நிறுத்தா. அன்று ஒரு கார் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. தட உதவியாளர்களும் 8 வயதுச் சிறுமி ஒருத்தியும் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மிச்ச ஓட்டங்கள் கைவிடப்பட்டு, இராணுவம் விசாரணைக் குழுவை நியமித்தது.