கிரண், ஷெர்லி, பிளைர்: பெண் குழந்தைக்குப் பொதுப் பெயர் வைத்த கதை

கிரண் பேடி 1972-ல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி. கிரண் மோரே இந்தியக் கிரிக்கெட் அணியின் முன்னாள் விக்கெட் கீப்பர், ஆண். 1977 முதல் 2000 வரை மேற்கு வங்க முதல்வராக இருந்தவர் ஜோதி பாசு. ஆனால் நம் ஊரில் ஜோதி என்றால் பெரும்பாலும் பெண்தான். இப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர்களோடு நாம் பழகிப் போய்விட்டோம். 'யுனிசெக்ஸ் பெயர்' என்று இதற்குத் தனியாக ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆனால் இப்படி ஒரு பெயரைப் பெண் குழந்தைக்கு வைத்ததற்காகப் பெற்றோர் நீதிமன்றப் படியேறிய நாடுகளும் உண்டு. ஒரு பெயர் ஆண் பெயரா பெண் பெயரா என்று யார் முடிவு செய்வது? பெற்றோரா, அரசாங்கமா, இலக்கணமா? இந்தக் கேள்விக்கு வரலாறு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

கிரண்: ஜெர்மனியில் ஒரு வழக்கு

ஜெர்மனியில் குழந்தையின் பெயரைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பெயர் பொருத்தமில்லை என்று நினைத்தால் அலுவலர் மறுக்கலாம். பெயரைக் கேட்டதும் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்பது அங்கே நீண்ட காலம் இருந்த நடைமுறை. தெரியவில்லை என்றால், தெளிவாகத் தெரிகிற இரண்டாவது பெயர் ஒன்றையும் சேர்த்து வைக்கச் சொல்வார்கள்.

ஒரு தம்பதி தங்கள் மகளுக்கு 'கிரண்' என்று பெயர் வைக்க விரும்பினார்கள். இந்தியாவில் இது இருபாலருக்கும் வழங்கும் பெயர் என்பதுதான் சிக்கலே. இந்தப் பெயர் மட்டும் போதாது, பெண் என்று காட்டும் இன்னொரு பெயரும் வேண்டும் என்றார்கள். வழக்கு கீழ் நீதிமன்றங்களைத் தாண்டி, கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது.

2008 டிசம்பர் 5 அன்று தீர்ப்பு பெற்றோருக்குச் சாதகமாக வந்தது. பெயர் பாலினத்தைக் காட்ட வேண்டும் என்று சட்டத்தில் எங்குமே இல்லை, அலுவலர்களுக்கான நிர்வாக அறிவுறுத்தல் சட்டம் ஆகிவிடாது என்றது நீதிமன்றம். பெயரிடுவது பெற்றோரின் உரிமை. அதற்கு எல்லை குழந்தையின் நலன் மட்டுமே. அந்தப் பெயரோடு குழந்தை தன் பாலினத்தைப் பொருத்திப் பார்க்கவே முடியாது என்ற நிலை இருந்தால்தான் மறுக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். அதாவது, இந்தப் பெயரால் குழந்தைக்குக் கேடில்லை என்று பெற்றோர் நிரூபிக்கத் தேவையில்லை. தடுக்க நினைக்கும் அரசுதான் காரணம் காட்ட வேண்டும்.

ஷெர்லி: இடம் மாறிய பெயர்

ஆண் பெயர், பெண் பெயர் என்பதெல்லாம் மாறாத ஒன்று என்றுதான் அலுவலகங்கள் நினைக்கின்றன. ஆங்கிலப் பெயர்களின் வரலாறோ வேறு மாதிரி இருக்கிறது.

இன்று ஷெர்லி என்றால் பெண் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் அது குடும்பப் பெயராகவும் ஆண்களின் பெயராகவும்தான் இருந்தது. 1849-ல் சார்லட் பிராண்டி 'ஷெர்லி' என்ற நாவலை எழுதினார. மகன் பிறப்பான் என்று காத்திருந்த பெற்றோர், பிறந்தது மகள் என்றதும் மகனுக்காக வைத்திருந்த பெயரையே அவளுக்கு வைத்துவிடுகிறார்கள். அவள்தான் கதாநாயகி. சொந்தமாக நிலமும் ஆலையும் உள்ள, துணிச்சலாகப் பேசுகிற பெண். அதன்பின் அந்தப் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் பக்கம் வந்தது. 1930-களில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் புகழுக்குப் பிறகு அது முழுக்கப் பெண் பெயராகிவிட்டது.

இதில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. அந்த நாவலின் அட்டையில் ஆசிரியர் பெயர் சார்லட் என்று இல்லை, 'கரர் பெல்' என்று இருந்தது. பிராண்டி சகோதரிகள் மூவரும் 1846-ல் கவிதைத் தொகுப்பு வெளியிட்டபோது கரர், எல்லிஸ், ஆக்டன் என்று ஆணா பெண்ணா என்று பிடிபடாத பெயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண் எழுத்தாளர் என்றாலே ஒரு மாற்றுக் குறைவாகப் பார்ப்பார்கள் என்று தாங்கள் அஞ்சியதாக சார்லட்டே பின்னர் 1850-ல் விளக்கினார். பொதுப் பெயரின் பயன் என்ன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கடினம். பெண் என்று தெரிந்தால் நஷ்டம் வரும் இடத்தில், அதைச் சொல்லாத பெயர் ஒரு கவசம்.

ஈவ்லின் என்ற பெயரும் இருபுறமும் நின்ற பெயர்தான். ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வா (1903–1966) ஓர் ஆண். 1928-ல் அவர் மணந்த பெண்ணின் பெயரும் ஈவ்லின்! நண்பர்கள் 'ஆண் ஈவ்லின்', 'பெண் ஈவ்லின்' என்று பிரித்துச் சொன்னார்களாம். இன்று அந்தப் பெயரும் பெண்களுக்கே. 1936-ல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' நாவலில் ஆஷ்லி ஓர் ஆண் பாத்திரம். 1991, 1992 ஆண்டுகளில் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயர் ஆஷ்லி.

இந்தப் பயணம் ஏறக்குறைய ஒருவழிப் பாதை என்பதைக் கவனியுங்கள். ஆண் பெயர் பெண்ணுக்கு வருகிறது. பெண் பெயர் ஆணுக்குப் போவது அரிது. மகளுக்கு ஆண் பெயர் வைத்தால் கம்பீரம், மகனுக்குப் பெண் பெயர் வைத்தால் கேலி என்று சமூகம் நினைப்பதே இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்களிடம் அதிகம் புழங்கிய பிறகு ஆண்கள் அந்தப் பெயரைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதனால் பல பொதுப் பெயர்கள் சில தலைமுறைகளுக்கு மட்டுமே பொதுவாக இருக்கின்றன.

சீக்கியர்களின் வழி

பொதுப் பெயர் பொதுவாகவே நீடிக்கும் ஓர் ஏற்பாடு நம் நாட்டிலேயே இருக்கிறது. குரு கோவிந்த் சிங் 1699-ல் அனந்தபூரில் கால்சாவை நிறுவினார். சீக்கிய மரபில் குழந்தைக்குப் பெயர் வைக்க குரு கிரந்த் சாஹிப்பைத் திறந்து, கிடைக்கும் பாடலின் முதல் எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஹர்ப்ரீத், குர்ப்ரீத், மன்ஜீத் போன்ற பெயர்கள் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பின்னால் வரும் 'சிங்' ஆணையும் 'கௌர்' பெண்ணையும் காட்டிவிடும். பாலினத்தைச் சொல்லும் வேலை பின்பெயருக்குப் போய்விட்டதால் முன்பெயர் சுதந்திரமாக இருக்கிறது.

பிளைர்: பெயரில்லாத பெண்

இதே வசதி ஐஸ்லாந்திலும் உண்டு. அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாயின் பெயரோடு, மகன் என்றால் 'சொன்', மகள் என்றால் 'டோட்டிர்' சேரும். 1980-ல் அதிபராகத் தேர்வான விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்றால் ஃபின்போகியின் மகள் விக்டிஸ். ஆக, முன்பெயர் எதுவானாலும் ஆணா பெண்ணா என்று பின்பெயரிலேயே தெரிந்துவிடும்.

இருந்தும் அங்கே சட்டம் கடுமையாக இருந்தது. 1991-ல் பெயர்க் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஐஸ்லாந்து மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறும். அந்த இலக்கணத்துக்கு ஒத்துவராத பெயர்கள் மொழியைக் கெடுத்துவிடும் என்ற கவலையே காரணம். பெண்ணுக்குப் பெண் பெயர், ஆணுக்கு ஆண் பெயர் என்பதும் சட்டம்.

ஒரு பெண் குழந்தைக்கு 'பிளைர்' என்று பெயர் வைத்தார்கள். இளங்காற்று என்று பொருள். தமிழில் தென்றல் என்று வைப்பது போல. ஞானஸ்நானமும் நடந்தது. பிறகுதான் அது ஆண்பால் சொல், பெண்ணுக்கு அனுமதி இல்லை என்றார்கள். நோபல் பரிசு பெற்ற ஹால்டோர் லாக்ஸ்னஸ் தன் நாவலில் ஒரு பெண்ணுக்கு அதே பெயரைக் கொடுத்திருந்தார். அதுவும் உதவவில்லை. அரசு ஆவணங்களில் அவள் பெயர் 'ஸ்டூல்கா', அதாவது 'சிறுமி' என்றே இருந்தது. வீட்டிலும் பள்ளியிலும் பிளைர், அரசாங்கத்துக்கு மட்டும் வெறும் சிறுமி!

2013 ஜனவரியில் ரெய்க்யவிக் மாவட்ட நீதிமன்றம் அந்தப் பெயர் அவளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. அப்போது அவளுக்கு வயது 15. மொழியைக் காக்க வந்த விதி ஒரு குழந்தையைப் பதினைந்து ஆண்டுகள் பெயரில்லாமல் வைத்திருந்தது. 2019-ல் ஐஸ்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய பாலினத் தன்னுரிமைச் சட்டம், ஆண் பெயர், பெண் பெயர் என்ற கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டது.

முடிவாக

பெயருக்குப் பிறவியிலேயே பாலினம் இல்லை. யார் வைத்துக்கொள்கிறார்களோ அவர்களால்தான் அது ஆண் பெயராகவோ பெண் பெயராகவோ ஆகிறது. ஷெர்லியைப் பெண் பெயராக்கியது எந்த அரசாணையும் அல்ல. ஒரு நாவலும், பிறகு ஆயிரக்கணக்கான தாய் தந்தையரும்தான்.

எனவே மகளுக்குப் பொதுப் பெயர் வைக்க நினைப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. இன்று பொதுவாக இருக்கும் பெயர் அவள் பாட்டியாகும்போது பெண் பெயராக மாறியிருக்கலாம், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. கரர் பெல் என்ற பெயர் சார்லட்டுக்கு ஒளிந்துகொள்ள உதவியது. கிரணும் பிளைரும் ஒளிந்துகொள்ளவில்லை. 'இதுதான் என் பெயர், நான் பெண்தான்' என்று சொல்லும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவே கடந்த 160 ஆண்டுகளைத்தான் முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும்.